காற்று போகும் வழியில் எண்ணெய்க்கு என்ன வேலை?



சென்ற இதழில் காரின் பாட்டரியைப் பற்றிப் பார்த்தோம். இந்த முறை கொஞ்சம் பிசுபிசுப்பான விஷயம். "ஏர் ஃபில்டரைக் கழற்றினால் ஒரே எண்ணெயாக இருக்கிறது. எஞ்சினே போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?" என்று கேட்கிறவர்கள் அதிகமாகி விட்டார்கள். அதிலும், தானே ஓட்டி, தானே ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போகிற பெண்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். பதில் தெரியாவிட்டால் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை பல்லாயிரம் ரூபாய் வேலையாகிவிடும். சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும். "பரவாயில்லை, ஓட்டுங்க" என்று விட்டுவிட்டால், உயிருக்கே ஆபத்தான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டையும் சொல்கிறேன்.

சமையலறைச் சுவரைப் பாருங்கள்

அடுப்புக்கு மேலே இருக்கும் சுவரிலும் எக்ஸாஸ்ட் ஃபேனிலும் நாம் யாரும் போய் எண்ணெய் தடவுவதில்லை. ஆனாலும் வடை தட்டி, அப்பளம் பொரித்து, தாளித்துக் கொட்டிய ஆவியெல்லாம் போய்ப் போய், மூன்று மாதத்தில் அங்கே பிசுக்கு ஏறிவிடுகிறது. தூசியும் சேர்ந்து கறுப்பாகிறது. காருக்குள் நடப்பதும் இதே சங்கதிதான்.

எஞ்சினுக்குள் ஸிலிண்டர் என்ற உருளை அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனுக்கு மேலே பெட்ரோலும் காற்றும் எரிகின்றன. கீழே எண்ணெய்த் தொட்டி. மேலே எரிகிற வாயு கீழே இறங்காமலும், கீழே உள்ள எண்ணெய் மேலே ஏறாமலும் தடுப்பது பிஸ்டனைச் சுற்றிப் போட்டிருக்கும் ரிங்குகள்.

ஆனால் எவ்வளவு நல்ல ரிங்காக இருந்தாலும் கொஞ்சம் வாயு அதைத் தாண்டிக் கீழே கசியத்தான் செய்யும். புது எஞ்சினிலும் கசியும். கீழே சுடச்சுட எண்ணெய் சிதறிக்கொண்டிருக்கிறதல்லவா? அந்தத் துளிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வாயு வெளியே வரப் பார்க்கும். அதை அடைத்து வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். வெளியே விட்டால் ஊர் நாறும். ஆகவே அதை ஒரு ரப்பர் குழாய் வழியாகத் திரும்பவும் எஞ்சினின் காற்றுப் பாதைக்கே அனுப்பி, பெட்ரோலோடு சேர்த்து எரித்துவிடுகிறார்கள். வழியில் எண்ணெயை வடிகட்ட ஒரு சிறு தடுப்பு உண்டு. எவ்வளவு காற்று போகலாம் என்று பார்த்துக்கொள்ள ஒரு வால்வு உண்டு. அதற்குப் பி.சி.வி. வால்வு என்று பெயர்.

ஆகவே ஒரு விஷயத்தை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். காற்றுக் குழாயின் உள்ளே விரலை விட்டால் லேசான எண்ணெய்ப் பசை படுவது நோயல்ல. அது எல்லா வண்டியிலும் உண்டு. எண்ணெய் குளம் கட்டி நின்றாலோ, ஏர் ஃபில்டர் காகிதம் ஊறிப் போயிருந்தாலோ, ஸைலென்ஸரில் நீலப் புகை வந்தாலோதான் கவனிக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு வந்த கதை

அந்தக் காலத்துக் கார்களில் இந்தத் தொல்லையே கிடையாது. எஞ்சினின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு குழாய் ரோட்டைப் பார்த்துத் தொங்கும். புகையும் எண்ணெயும் அதன் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். வண்டிக்குச் சுகம், ஊருக்குக் கேடு.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கார்கள் பெருகப் பெருக, பகலிலேயே பழுப்பு நிற மூட்டம் கவிந்து எல்லாருக்கும் கண் எரிய ஆரம்பித்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஹாகன் ஸ்மிட் என்ற ரசாயன விஞ்ஞானி. ஹாலந்தில் பிறந்தவர். அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அன்னாசிப் பழத்துக்கு அந்த மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்! பழத்தின் ஆவியைப் பிடித்து ஆராய்ந்த அதே கையால் ஊர்க் காற்றையும் பிடித்துப் பார்த்தார். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வருகிற, எரியாத பெட்ரோல் ஆவியும் புகையும் வெயிலில் சேர்ந்துதான் இந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் எடுத்துச் சொன்னார்.

கார் வெளியிடும் அந்த ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எஞ்சினின் அடிக்குழாயிலிருந்தே வருகிறது என்பது பிறகு தெரிந்தது. அதனால் 1961-ஆம் வருஷ மாடலிலிருந்து கலிபோர்னியாவில் விற்ற கார்களிலும், 1963-ஆம் வருஷ மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் விற்ற கார்களிலும் இந்த மறுசுழற்சி ஏற்பாடு வந்தது. காருக்கென்று வந்த முதல் புகைத் தடுப்புக் கருவி இதுதான். நம் வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் இது இருக்கிறது. குழாயைப் பிடுங்கி வெளியே விட்டுவிட்டால் பிசுக்குத் தொல்லை தீருமே என்று யாராவது யோசனை சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிக்கப் போவது வாசலில் விளையாடும் நம் குழந்தைகள்தான்.

எண்ணெய் அதிகமாக ஏறக் காரணங்கள்

முதல் காரணம், மிகச் சாதாரணமானது: எண்ணெயை அதிகமாக ஊற்றிவிடுவது. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே" என்று குழம்பில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி இதில் ஊற்றக் கூடாது. டிப் ஸ்டிக் என்ற கம்பியில் இரண்டு குறிகள் இருக்கும். பெரும்பாலான கார்களில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு லிட்டர். மேல் குறியைத் தாண்டினால், சுழலுகிற தண்டு எண்ணெயில் மோதி, மத்துப் போட்டுக் கடைந்த மாதிரி நுரை கிளப்பும். அந்த நுரை குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்கு ஏறிவிடும்.

இரண்டாவது, பி.சி.வி. வால்வு அடைத்துக்கொள்வது. ப்ரஷர் குக்கரில் வெயிட் துவாரம் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆவி காஸ்கெட் பக்கம் பீறிடும். அதே கதைதான். உள்ளே ஏறிய அழுத்தம், சுத்தமான காற்று வரவேண்டிய குழாய் வழியாக எதிர்த் திசையில் எண்ணெயைத் தள்ளும். ஏர் ஃபில்டர் பெட்டி நனைந்து போகும். எஞ்சின் ஸீல்களிலும் கசிவு ஆரம்பிக்கும்.

மூன்றாவது, அதே வால்வு திறந்தபடி மாட்டிக்கொள்வது, அல்லது அதன் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்து போவது. அப்போது எஞ்சின் தன் உறிஞ்சு வேகத்தால் எண்ணெயை நேராகக் குடிக்கும். நின்ற இடத்தில் வண்டி குலுங்கும். விசில் மாதிரி ஒரு சத்தம் வரலாம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறக்கப் பார்த்தால் யாரோ உள்ளே பிடித்து இழுப்பது போல் இருக்கும்.

நான்காவது, டர்போ. இப்போது டீசல் கார்களில் எல்லாம், பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் டர்போ வந்துவிட்டது. அதன் தண்டு நிமிஷத்துக்கு 1 லட்சம் தடவைக்கு மேல் சுழலக் கூடியது. எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் அது நிற்கிறது. எண்ணெய் கெட்டுப் போனாலோ, அது திரும்பி வடியும் குழாய் அடைத்தாலோ, ஸீல்களைத் தாண்டி எண்ணெய் காற்றுப் பாதையில் இறங்கி, இன்டர்கூலரில் குளம் கட்டும். ஏர் ஃபில்டர் அழுக்கடைந்து மூச்சு முட்டினாலும் இப்படி ஆகும்.

கடைசியாகத்தான் ரிங் தேய்மானம். ரிங்குகள் தேய்ந்தால் கீழே கசியும் வாயு அதிகமாகி, எண்ணெயையும் அதிகமாக அள்ளிக்கொண்டு வரும். இது உண்மையான எஞ்சின் வேலை. ஆனால் முதல் நான்கையும் பார்க்காமல் ஐந்தாவதற்குத் தாவக் கூடாது.

வளையல் தப்பியது

எங்கள் அடுத்த தெருவில் ஒரு பள்ளி ஆசிரியை இருக்கிறாள். கணவர் இல்லை. மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு இவள்தான் தன் பழைய பெட்ரோல் காரில் அழைத்துப் போகிறாள். வண்டி சர்வீஸுக்குப் போய் வந்த பத்தாம் நாள் நீலப் புகை வர ஆரம்பித்தது. ஒர்க்ஷாப்பில் ஏர் ஃபில்டரைத் திறந்து காட்டினார்கள். ஊறுகாய் ஜாடியில் முக்கி எடுத்த மாதிரி இருந்ததாம். "ரிங் போச்சு டீச்சர். எஞ்சினை இறக்கி வேலை பார்க்கணும். வண்டி பதினைஞ்சு நாளாவது இங்கே நிக்கும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பணத்துக்கு வளையலை வெச்சுடலாம். ஆனா பதினைஞ்சு நாள் அத்தையை எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? ஆட்டோவிலே குலுங்கினா அவங்களுக்குத் தாங்காது" என்றாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும், "வளையல் இருக்கட்டும். நாளைக் காலையிலே வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வை. நான் வரேன்" என்றேன்.

மறுநாள் காலை டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்த்தோம். எண்ணெய் மேல் குறிக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறி நின்றது! சர்வீஸில் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தோம். வயதானவர், நிதானமானவர். அவர் முதலில் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். நல்ல வால்வு என்றால் உள்ளே இருக்கும் சிறு துண்டு கலகலவென்று சத்தம் போடும். இது கோந்து வைத்து ஒட்டினாற்போல் மௌனமாக இருந்தது.

"அப்போ ரிங் நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"அதை நான் வாயாலே சொல்லக் கூடாதும்மா. மீட்டர் சொல்லணும்" என்றார் அவர். ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஸிலிண்டரிலும் கம்ப்ரெஷன் மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்தக் கார் எஞ்சினுக்கு இருக்க வேண்டிய அளவுதான். ரிங்குக்கு ஒன்றும் இல்லை.

அதிகப்படி எண்ணெயை வடித்தார். வால்வை மாற்றினார். ரப்பர் குழாய்களைக் கழற்றிக் கழுவிக் காய வைத்து மாட்டினார். ஏர் ஃபில்டர் புதிது போட்டார். ப்ளக்குகளைச் சுத்தம் செய்தார். "உள்ளே தங்கின எண்ணெய் எரியற வரைக்கும் லேசா புகை வரும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே சில நாள் வந்து, பிறகு நின்றுவிட்டது. ஒரு டயாலிசிஸ் தேதிகூடத் தவறவில்லை.

முதல் ஒர்க்ஷாப்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெயைக் கண்டால் ரிங் என்று சொல்வது பலருக்குப் பழகிப்போன வாக்கு. ஆனால் எஞ்சினை இறக்குவதற்கு முன், "கம்ப்ரெஷன் பார்த்தீங்களா? எந்த ஸிலிண்டரில் எவ்வளவு?" என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. ஏதாவது ஒரு ஸிலிண்டரில் குறைவாக இருந்தால், அதில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் கோளாறு. இது பெட்ரோல் வண்டிக்குச் சொன்னது. அப்படி மீட்டரே ரிங் என்று சொன்னால், தள்ளிப் போடாமல் வேலையைச் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

புகை எப்போது வருகிறது?

டாக்டர் "எப்போது வலிக்கிறது?" என்று கேட்பது போல, புகை வரும் நேரத்தை நீங்கள் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு வீச்சு நீலப் புகை வந்தால், பெரும்பாலும் வால்வு ஸீல். மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து வந்தால் ரிங் அல்லது டர்போவைச் சந்தேகிக்கலாம். வெகுநேரம் சிக்னலில் நின்று கிளம்பும்போது வந்தால் ஸீல்களையும் டர்போவையும் பார்க்கச் சொல்லுங்கள். வெண்புகை வேறு சமாசாரம். குளிர் காலையில் சற்று நேரம் வருவது வெறும் நீராவி. தொடர்ந்து வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் உடனே காட்ட வேண்டும்.

எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி பழுப்பு வெள்ளைப் பசை ஒட்டியிருக்கிறதா? ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களும், தினமும் ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களும் இதைப் பார்க்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடாகாததால் ஈரம் எண்ணெயோடு சேர்ந்துவிடுகிறது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டினால் சரியாகும். கூடவே ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதென்றால் மட்டும் பயப்படுங்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்

பெட்ரோல் எஞ்சினில் சாவியைத் திருப்பினால் ப்ளக்கின் பொறி நின்றுவிடும். எண்ணெய் எவ்வளவு ஏறியிருந்தாலும் எஞ்சின் அணைந்துவிடும். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் எரிகிறது. சாவியைத் திருப்பினால் டீசல் வருவது நிற்கும், அவ்வளவுதான். டர்போ உடைந்து காற்றுப் பாதையில் எண்ணெய் கொட்டினால், எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் குடித்து ஓட ஆரம்பிக்கும். நாம் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். பின்னால் மேகம் மாதிரி புகை. சாவியை எடுத்தாலும் நிற்காது. எண்ணெய் தீரும் வரை, அல்லது எஞ்சின் உடையும் வரை ஓடும்.

அபூர்வமாக நடப்பதுதான். ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். கியர் மாற்றி ஓட்டும் கார் என்றால், நீங்கள் ஸீட்டில் இருக்கும்போதே, பிரேக்கைப் பலமாக அழுத்தி, கை பிரேக்கையும் இழுத்து, மேல் கியரில் போட்டு, க்ளட்சை விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிடும். ஆட்டோமேடிக் காரில் இது முடியாது. அப்போதும், கியர் வழி பலிக்காவிட்டாலும், வண்டியை ஓரம் கட்டி, முதலில் குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கி, எல்லோரும் தூரமாகப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து, காற்று வரும் வாயைக் கையால் பொத்தலாம் என்று யாரும் வீரம் காட்ட வேண்டாம். கை போய்விடும். எஞ்சின் போனால் போகட்டும்.

இது வராமல் தடுக்க ஒரு வழி, டிப் ஸ்டிக்கைப் பார்ப்பதுதான். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி வந்தது. அதன்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன தூரம் ஓட்டினால், அந்த வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை பாதியில் நின்று, டீசல் எண்ணெயோடு கலந்துவிடும். நாம் ஒரு சொட்டும் ஊற்றாமலே எண்ணெய் மட்டம் ஏறும்! முகர்ந்தால் டீசல் வாசனை அடிக்கும். "எண்ணெய் குறையலையே, கூடத்தானே செய்யுது" என்று சந்தோஷப்படாதீர்கள். உடனே மாற்றச் சொல்லுங்கள்.

அலட்சியம் செய்தால்

ஏறிய எண்ணெய் ப்ளக்கில் கரி பிடிக்கும். வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், பிக்கப் குறையும். த்ராட்டில் பகுதியில் பிசுக்குச் சேர்ந்து, சிக்னலில் நிற்கும்போது அணைந்து அணைந்து போகும். சில கார்களில் காற்றை அளக்கும் மெல்லிய கம்பி சென்சார் உண்டு. அதில் எண்ணெய் படிந்தால் தப்புக் கணக்குச் சொல்லும். அதற்கென்று உள்ள ஸ்ப்ரேயால்தான் அதைச் சுத்தம் செய்ய வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது.

ஸைலென்ஸருக்கு முன்னால் இருக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர்தான் விலையுயர்ந்த சரக்கு. 1995-இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக வந்தது அது. எஞ்சின் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் எரிந்துபோய் அதன் மேல் படிந்து, அதை மெல்ல மெல்லச் செயலற்றதாக்கிவிடும்.

புதிய வகை கார்கள் சிலவற்றில் பெட்ரோல் நேராக ஸிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. பழைய வகையில் பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். இதில் அந்தக் கழுவல் இல்லை. அதனால் எண்ணெய்ப் பசை வால்வின் முதுகில் தோசைக்கல் கரி மாதிரி கட்டிவிடும். டாங்கில் ஊற்றும் எந்த மருந்தும் அங்கே போய்ச் சேராது. வால்நட் கொட்டை ஓட்டின் தூளைக் காற்றோடு பீய்ச்சி அந்தக் கரியை எடுக்கிறார்கள். ஆனால் எல்லாக் காருக்கும், ஒவ்வொரு சர்வீஸிலும் "கார்பன் க்ளீனிங்" என்று பில்லில் எழுதினால், "எங்கே கரி இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

பானெட்டைத் திறப்பதற்கு முன் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுங்கள். தாவணி, துப்பட்டா, பின்னல், நீளச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. எஞ்சின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும், ஜாக்கிரதை. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் புகையைச் சோதிக்க வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

ஓடிய எஞ்சின் எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருக்கும். ஒரு நாள் கையில் பட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அடிக்கடி வெறும் கையால் தொடுவது நல்லதல்ல. ரப்பர் கையுறை போடுங்கள். கையில் பட்டுவிட்டால் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். துடைத்த பனியன் வேஸ்டை அடுப்புப் பக்கம் போடாதீர்கள். அந்த உடுப்பைக் குழந்தைகள் துணியோடு ஊற வைக்காதீர்கள்.

கழிவு எண்ணெயைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. கறையானுக்கு நல்லது என்று கதவு நிலையில் பூசுகிற பழக்கமும் வேண்டாம். 2016-ஆம் வருஷத்து விதிகளில் இது அபாயக் கழிவு என்றே சொல்லப்பட்டிருக்கிறது. மூடிய டப்பாவில் ஊற்றி, பழைய எண்ணெயை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

நீங்களே செய்யக்கூடியவை

* மாதம் இரு முறை, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் அணைந்து பத்து நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். சில கார்களுக்கு முறை வேறாக இருக்கும், கைப்புத்தகம் சொல்வதே முடிவு. இரண்டு குறிக்கும் நடுவே இருந்தால் போதும். கணக்கு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

* சர்வீஸிலிருந்து வண்டியை எடுக்கும்போதே டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

* எண்ணெய் மாற்றும் கெடுவைத் தள்ளிப் போடாதீர்கள். கைப்புத்தகத்தில் உள்ள ரகத்தையே ஊற்றச் சொல்லுங்கள்.

* சர்வீஸுக்கு விடும்போது, "பி.சி.வி. வால்வையும் அந்தக் குழாயையும் பாருங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். தனியாகக் கழற்றும்படி உள்ள வால்வு விலை குறைவுதான். சில கார்களில் அது எஞ்சின் மேல்மூடியோடு சேர்ந்தே வரும், அதற்குச் செலவு கூடும்.

* எண்ணெயில் ஊறிய காகித ஏர் ஃபில்டரைக் கழுவியோ ஊதியோ மறுபடி போடாதீர்கள். புதிது போடுங்கள்.

* டர்போ வண்டியை நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி வந்தவுடன் அணைக்காமல், ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். டர்போவை மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஏர் ஃபில்டர், எண்ணெய் வடியும் குழாய், பி.சி.வி. மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் அடைப்பு இருந்தால் புது டர்போவும் எண்ணெய் கக்கும்.

* எண்ணெயைப் பிடித்து வைக்கும் டப்பா ஒன்றைக் குழாயின் நடுவே பொருத்துகிறார்கள். கேட்ச் கேன் என்று பெயர். பொருத்தினால் அது நிரம்பும் முன் வடித்துவிட வேண்டும். மறந்தால் அதுவே அடைப்பாகிவிடும். வால்வு சரியாக இருக்கும் சாதாரணக் காருக்கு அது அவசியமில்லை.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் காரின் டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் வீட்டு நோயாளிக்கு என்ன மருந்து, எதற்கு என்று டாக்டரிடம் கேட்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

மழைக்காலம் வருகிறதே! அடுத்த இதழில், தண்ணீர் தேங்கிய தெருவில் எவ்வளவு ஆழம் வரை வண்டியை இறக்கலாம், எந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும் என்று பார்ப்போம்.